பணி ஓய்வுக்குப் பிறகு: காலை நடை மட்டும் ஏன் போதாது?

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மே மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுபவர்கள் அதிகம். பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியை மே, ஜூன் என்று தோராயமாக எழுதிவிட்ட அந்தக் காலத்து வழக்கம்தான் காரணம். 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. எந்த வயதாக இருந்தாலும் பிரிவு உபசார விழா முடிந்த மறுவாரமே அறிவுரைகள் வந்து குவியும். தினமும் பத்தாயிரம் அடி நடங்கள். மூளைக்கு சுடோகு போடுங்கள். எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும். நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தால் ஞாபக மறதி வராது.

இவற்றில் சில பாதி உண்மை. சில விளம்பரத்தில் பிறந்தவை. எதைப் பின்பற்றுவது, எதை விடுவது என்ற குழப்பம் நியாயமானது. இது பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. உடலுக்கும் மூளைக்கும் ஏற்கெனவே சுலபமாக வருவதையே தொடர்ந்து செய்வதில் கிடைப்பது குறைவு. கொஞ்சம் சிரமப்படுத்துகிற பழக்கங்கள்தான் நிலைமையை மாற்றுகின்றன.

வேலை சொல்லாமல் செய்துகொண்டிருந்தவை

வேலையில் இருந்தபோது யாரும் 'உடற்பயிற்சி' என்று நினைத்துச் செய்யாத பல காரியங்கள் நடந்துகொண்டிருந்தன.

1. பேருந்துக்கு நடப்பது, ஓடிப் பிடிப்பது, அலுவலகப் படியேறுவது என்று கால்களுக்குத் தினமும் வேலை இருந்தது.
2. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருந்தது. தூக்கமும் அதை ஒட்டியே அமைந்தது.
3. புதிய சுற்றறிக்கை, புதிய மென்பொருள், தணிக்கைக் கேள்வி என்று மூளைக்குத் தெரியாத சிக்கல்கள் வந்துகொண்டே இருந்தன.
4. நம் குடும்பத்தையோ தெருவையோ சேராத மனிதர்களோடு பேச வேண்டியிருந்தது. பிடிக்காதவர்களோடும்தான்.

இந்த நான்கும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. பிரிட்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் 'வைட்ஹால்' ஆய்வின் தரவுகளை வைத்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன், ஓய்வுக்கு முன்பு குறைந்த வேகத்தைவிட ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் அதிக வேகத்தில் குறைந்தது என்றது அது. மற்ற அறிவுத் திறன்களில் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை. இன்னொன்று: உயர்ந்த பதவியில் இருந்தவர்களுக்குப் பணிக்காலத்தில் இருந்த பாதுகாப்பு ஓய்வுக்குப் பிறகு நிலைக்கவில்லை. இயக்குநராக இருந்தவருக்கும் எழுத்தராக இருந்தவருக்கும் இந்த விஷயத்தில் தனிச் சலுகை கிடையாது.

அதற்காக ஓய்வு பெறுவதே கெடுதல் என்று படிக்கக் கூடாது. மன அழுத்தம் குறைந்து தூக்கம் சீராகிறவர்களும் உண்டு. வேலை தந்துகொண்டிருந்ததில் எது நின்றுபோனது என்று பார்த்து அந்த இடத்தை நிரப்புவதுதான் இங்கே கேள்வி.

தசை: யாரும் கண்டுகொள்ளாத இழப்பு

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர். 1989-இல்தான் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் இதற்குப் பெயரே வைத்தார். அதுவரை 'வயசாயிடுச்சு' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. முப்பது வயதைத் தாண்டியதும் மெதுவாகத் தொடங்கும் இந்த இழப்பு அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. எடை இயந்திரத்தில் இது தெரியாது. குறைந்த தசையின் இடத்தில் கொழுப்பு சேர்வதால், எண் அப்படியே நிற்கும்.

தசை நார்களில் இரண்டு வகை உண்டு. மெதுவாக, நீண்ட நேரம் உழைப்பவை ஒரு வகை. சட்டென்று பலமாக இயங்குபவை இன்னொரு வகை. வயதானால் அதிகம் சுருங்குவது இரண்டாவது வகை. நாற்காலியிலிருந்து எழ, படியேற, கால் தடுக்கும்போது அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைத்துச் சமாளிக்க எல்லாம் தேவைப்படுவது அதுதான். குளியலறையில் வழுக்கும்போது ஒருவர் சமாளித்து நிற்பதற்கும் இன்னொருவர் இடுப்பெலும்பு முறிந்து படுப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சமதளத்தில் நடக்கும் நடை பெரும்பாலும் முதல் வகை நார்களைத்தான் பயன்படுத்துகிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை மிக நல்லது. ஆனால் இருபது வருடமாகக் காலை நடை போகிறவரால்கூடத் தரையில் உட்கார்ந்துவிட்டுக் கை ஊன்றாமல் எழ முடியாமல் போகலாம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. நடை அதற்கான பயிற்சி அல்ல, அவ்வளவுதான்.

இழந்த தசையை முதுமையில் மீட்க முடியுமா? பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஒரு சோதனை 1990-இல் வெளியானது. பங்கேற்ற பத்துப் பேரின் சராசரி வயது 90. உடல் தளர்ந்தவர்கள். எட்டு வாரம் கால் தசைகளுக்குக் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கினார்கள். பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான். ஆனால் முதியவர்களுக்கு எடைப் பயிற்சி பலன் தரும் என்பதை அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் உறுதி செய்தன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது.

1. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வேகமான நடை இதில் சேரும்.
2. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.
3. வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி.

நம் ஊரில் முதல் வரி மட்டும் பிரபலமாகிவிட்டது. மற்ற இரண்டும் பூங்காவின் வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பயன்படுத்தும் அளவுகோலின்படி 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14-க்குக் குறைந்தாலும் பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலும் விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. 65 முதல் 69 வரை இது 12, 11. 70 முதல் 74 வரை 12, 10.

எண்ணிக்கை குறைந்தால் பதற வேண்டியதில்லை. சோதித்த அதே செயல்தான் பயிற்சியும். பத்து முறை எழுந்து உட்காருவது, சற்று ஓய்வு, மறுபடியும் பத்து. சுலபமாகிவிட்டால் மெதுவாக உட்காரலாம். பிறகு கையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு மூன்று தடவை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் தசைக்கு வளரக் காரணம் கிடைக்காது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது இரண்டையும் சேர்த்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

சமநிலைக்கு, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல்களோடு ஒட்டி ஒரே கோட்டில் வைத்து நிற்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் பிடிக்க ஏதாவது இருக்கட்டும். பத்து நொடி நிற்க முடியவில்லையென்றால் அதுவும் எச்சரிக்கைதான்.

மூட்டு வலி உள்ளவர்கள் 'அசைத்தால் இன்னும் தேய்ந்துவிடும்' என்று பயப்படுகிறார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் ஒன்று தொடைத் தசையை வலுப்படுத்துவது. வலி குத்தலாக வந்தால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்; இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

டோக்கியோ ஒலிம்பிக் 1964-இல் நடந்தது. அதற்கு அடுத்த வருடம் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பெயரில் விற்றது. அந்த எண் மருத்துவ ஆய்வில் கண்டுபிடித்தது அல்ல. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைக் கவனித்த ஆய்வில், தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் கூடுவது நின்றுவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்பதால் இதை முழுக்க நடையின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஒன்றுமே நடக்காதவர் கொஞ்சம் நடப்பதில்தான் லாபம் அதிகம்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் பாதை குறித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் அதில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே போதும்.

இரவு இரண்டு இட்லி

பயிற்சி மட்டும் செய்து புரதம் போதவில்லையென்றால் தசை வளராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயது வந்தவர்களுக்குப் பரிந்துரைப்பது ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது முதுமை மருத்துவ நிபுணர் குழுக்களின் கருத்து. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம்.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. வயதானால் 'லேசாகச் சாப்பிடணும்' என்று இரவில் இரண்டு இட்லி, அல்லது கஞ்சி. இரண்டு இட்லியில் கிடைப்பது நாலைந்து கிராம் புரதம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பன்னிரண்டு கிராம் வரை. நவராத்திரிக்கு மட்டும் செய்கிற சுண்டலை வாரத்தில் நாலு மாலை செய்தாலே கணக்கு மாறிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மூளைக்கு எது பயிற்சி?

சுடோகுவோ குறுக்கெழுத்தோ கெடுதல் இல்லை. ஆனால் பத்து வருடமாகப் போடுபவருக்கு அது தெரிந்த பாதை. டெக்சாஸில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்துச் செய்த சோதனை 2014-இல் வெளியானது. ஒரு பகுதியினர் டிஜிட்டல் புகைப்படக் கலை, துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் கலை என்று தெரியாத ஒன்றை வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் மூன்று மாதம் கற்றார்கள். இன்னொரு பகுதியினர் கூடிப் பேசினார்கள், விளையாடினார்கள், சுற்றுலா போனார்கள். மற்றவர்கள் வீட்டில் இசை கேட்பது, சொல் புதிர் போடுவது என்று இருந்தார்கள். நடந்ததை நினைவுகூரும் திறன் கூடியது, கற்றவர்களிடம்தான்.

வாரம் 15 மணி நேரம் என்பது விளையாட்டு அல்ல. கிட்டத்தட்ட ஒரு பகுதி நேர வேலை. அரை மணி நேரக் கைப்பேசிச் செயலி அதற்கு ஈடாகாது. சரி, அப்படி என்ன கற்பது? நம் ஊரில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. சில:

1. கல்வெட்டு வாசிப்பு. தமிழ்பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் என்று படிப்படியாகப் போகலாம். கற்றதைச் சோதித்துப் பார்க்கக் கோயில் சுவர்கள் இருக்கின்றன.
2. இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்தல். நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்களின் பக்கங்களைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணி. சிவப்பு மையில் ஆயுள் முழுவதும் திருத்திப் பழகிய ஆசிரியர்களுக்கு ஏற்றது. அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது தட்டச்சும் விக்கியின் முறையும்.
3. பறவை நோக்குதல். 2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் பட்டியலிட வேண்டும். மைனாவையும் காகத்தையும் தாண்டிப் பத்துப் பறவைகளை அடையாளம் காணவே சில மாதங்கள் ஆகும். நடை, கவனம், புதிய நட்பு மூன்றும் இதில் சேர்ந்து வருவதால், என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே இதற்குத்தான் முதலிடம்.
4. இசைக்கருவி. அறுபதில் மிருதங்கம் தொடங்கினால் கச்சேரி செய்ய முடியாமல் போகலாம். தாளத்தைக் கையும் காதும் சேர்ந்து கற்கும் உழைப்புதான் இங்கே தேவை.
5. ஆண்களுக்குச் சமையல். ஓய்வு பெற்றவர் வீட்டில் உட்கார்ந்ததும் மனைவிக்கு வேலை கூடுகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த ரகசியம். அலுவலகம் போன பெண்களுக்கோ ஓய்வு என்பது பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அடுத்த பணி நியமனம். அளவு, நேரம், வரிசை எல்லாவற்றையும் நினைவில் வைத்து, நின்று, குனிந்து, நிமிர்ந்து செய்ய வேண்டிய கலை சமையல். கற்பவருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

பேச்சும் நட்பும் நினைவுத்திறனை அந்தச் சோதனையில் கூட்டவில்லை என்பதற்காக அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. தனிமை உடலையும் மனதையும் கெடுக்கும் என்பதற்கு வேறு நிறையச் சான்றுகள் உண்டு. டீக்கடை நண்பர்களோடு சேர்ந்தே ஒன்றைக் கற்றுக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

காது கேட்காதவர் ஒதுங்கிப்போவார்

டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024-இல் தந்த அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் 45 சதவீத நோயாளிகளுக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் கணிப்பு. அந்தப் பட்டியலில் முன்னணியில் இருப்பவற்றில் ஒன்று காது கேளாமை. காது சரியாகக் கேட்காதவர் கல்யாண வீட்டில் பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பார். அடுத்த தடவை கல்யாணத்துக்கே வரமாட்டார்.

கண்ணாடி போடத் தயங்காத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறோம் என்பது புரியவில்லை. 2023-இல் வெளியான ஒரு சோதனையில், 70 முதல் 84 வயது வரையிலானவர்களுக்குக் காதுக் கருவி கொடுத்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். மொத்தக் குழுவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அறிவுத் திறன் குறையும் அபாயம் அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. கருவி வாங்கிய முதல் வாரங்களில் தட்டு உரசும் சத்தம்கூடக் காதைக் குடையும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடாமல் தினமும் போட்டுப் பழகுவதும் ஒரு புதிய பழக்கம்தான்.

பழக்கம் படிய எத்தனை நாள்?

21 நாள் கதை மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரிடமிருந்து கிளம்பியது. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக அவர் 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புதிய பழக்கத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு செயலோடு ஒட்டிவைப்பதுதான் சுலபமான வழி. அலுவலக நேரம் போனதும் அப்படி ஒட்டிவைக்க இருந்த கொக்கிகள் பாதி போய்விடுகின்றன. மிஞ்சியிருப்பவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்: காலைக் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் குதிகால் பயிற்சி, மதியச் செய்தி தொடங்குமுன் நாற்காலிப் பயிற்சி, மாலை விளக்கேற்றிய பின் வகுப்பு. ஒன்று படிந்த பிறகு அடுத்தது. ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே யோகா, நடை, இந்தி வகுப்பு, தோட்டம் என்று எல்லாவற்றையும் தொடங்குகிறவர் ஆடி மாதத்துக்குள் எல்லாவற்றையும் விட்டிருப்பார்.

தொடங்கும் முன்

நெஞ்சு வலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவை சிகிச்சை, அடிக்கடி விழுதல் இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே எடைப் பயிற்சி. பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது; அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். ரத்த அழுத்தம், புராஸ்டேட், தூக்கம் என்று வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய மருந்துகள் சேர்ந்து இப்படிச் செய்வதுண்டு. தானாக நிறுத்த வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். முதுமை மருத்துவத்துக்கென்று சென்னை மருத்துவக் கல்லூரியில் தனித் துறை பல ஆண்டுகளாக இருக்கிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாத முதியவர்கள் 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.